புவித்தகடுகளுக்கு ஒரு பாடவேளை

1

ஊரிலிருந்து கேட்பவர்களிடம் நான் பள்ளிக்கூடத்தில் வேலை செய்வதாகத்தான் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. கேட்டவர்கள் "ரிஸ்வியா அங்கயும் டீச்சராத்தான் இரிக்கா" என்று நாலு பேருக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அதைத் திருத்தப் போகவில்லை.

இங்கிலாந்தில், லெஸ்டரில், நான் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவது, அமிலத்தை அளந்து நீர் கலந்து வைப்பது, வகுப்புகளுக்கு வேண்டியதைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பாடம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பாறைகள் பாடம் வரும் கிழமைகளில் மட்டும் நான் உடனே போய்விடுவதில்லை. கருங்கல், எரிமலைக் கல், சுண்ணாம்புக் கல், தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல் என்று வரிசையாக வைத்த தட்டை உள்ளே கொடுத்துவிட்டு, வண்டியின் சக்கரத்தைச் சரிபார்ப்பதுபோல நடைபாதையில் நிற்பேன். உள்ளே ஆசிரியர் பாடம் சொல்வது கேட்கும். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று மனதுக்குள் ஓடும். பாடம் முடிந்து தட்டை எடுக்கப் போனால் நுரைக்கல் ஒன்றாவது காணாமல் போயிருக்கும்.

சென்ற நவம்பரில் புவியியல் பிரிவின் தலைவி கேரன் அந்தத் தட்டை இரவல் கேட்டு வந்தாள். நல்ல பெண். என் பெயரை 'ரிஸ்' என்று சுருக்கிக்கொண்டதைத் தவிர அவளிடம் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. போகிற போக்கில், "நீ ஸ்ரீலங்காவில் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கிழக்குக் கரை என்றேன். அவள் தட்டை மேசையில் திரும்ப வைத்தாள்.

"அப்படியென்றால் சுனாமியின்போது நீ அங்கே இருந்தாயா?"

இருந்தேன் என்றேன். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புவித்தகடுகள் பாடம் இருப்பதாகவும், நான் வந்து பேச வேண்டும் என்றும் சொன்னாள். கல்முனையை விட்டு வந்தபின் ஒரு வகுப்புக்கு முன்னால் நிற்கும்படி என்னை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

2

கல்முனையில் நான் புவியியல் படிப்பித்தேன். பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். புவித்தகடுகள் பாடம் வருகிற கிழமை வகுப்பு வேறு மாதிரி இருக்கும். சத்தம் இருக்காது. அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் கடலோரத் தெருக்களிலிருந்து வந்தவர்கள். சுனாமியில் ஒருத்தியின் உம்மா போயிருப்பார், இன்னொருத்தியின் மூத்த சகோதரன், அவளுடைய நானா, போயிருப்பான். பிறகு வந்த வருடங்களில், அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் வந்தார்கள். அவர்களும் கடலுக்கு முதுகு காட்டி இருக்க மாட்டார்கள்.

அங்கே என்ன நடந்தது என்று யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. ஏன் நடந்தது என்றுதான் கேட்டார்கள். சிஃபானா என்றொரு பிள்ளை. வகுப்பில் வாயே திறக்காதவள். ஒருநாள் எழும்பி நின்று கேட்டாள்.

"டீச்சர், கடல் முதல்ல உள்ள போகும், அதக் கண்டா ஓடணும் எண்டு டீவியில சொல்றாங்க. எங்கட வாப்பா கடக்கரையிலதான் நிண்ட. அப்பிடி ஒண்டும் போகல்ல எண்டு சொல்றார். வாப்பா பொய் சொல்றாரா?"

"இல்ல புள்ள," என்றேன். "வாப்பா சொல்றது சரி."

கரும்பலகையில், பிள்ளைகள் ஏறி ஆடுகிற சீசோப் பலகை ஒன்றைப் பெரிதாக வரைந்தேன். கடலடித் தரை உடையும்போது ஒரு பக்கம் மேலே எழும்பும், மறுபக்கம் கீழே இறங்கும். இறங்கிய பக்கத்தைப் பார்த்த கரைகளில் கடல் முதலில் பின்வாங்கும். எழும்பிய பக்கத்தைப் பார்த்த கரைகளில் தண்ணீர் முதலில் ஏறும். நாங்கள் எழும்பிய பக்கத்தைப் பார்த்து இருந்தோம். கடல் பின்வாங்கும், அது ஓர் எச்சரிக்கை என்பது வேறு கரைகளுக்குப் பொருந்தும். எங்கள் கரைக்கு அன்று அந்த எச்சரிக்கை வரவில்லை. அலைகளுக்கு இடையில் பிறகு வற்றியதுதான், ஆனால் முதலில் வந்தது ஏற்றம்.

"அப்ப ஓடாத ஆக்களில பிழ இல்லயா டீச்சர்?"

"ஒரு பிழயும் இல்ல. ஆனா இனிம நீங்க கடல் உள்வாங்கும் எண்டு பாத்துக்கிட்டு நிக்காதீங்க. நிலம் ஆடினா, கடல் ஒரு மாதிரி இரைஞ்சா, உடனே ஓடுங்க."

சிஃபானா உட்கார்ந்தாள். அன்று பாடம் முடிந்தபின் அவள் என் மேசைக்கு வந்து, வாப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று அந்தப் படத்தைக் கொப்பியில் வரைந்துகொண்டு போனாள். பாடம் என்றால் எனக்கு அதுதான்.

எனக்கும் அந்தப் படம் தேவையாக இருந்தது. என் ராத்தா ஹுஸ்னா, எனக்கு மூத்தவள், சாய்ந்தமருதில் கடற்கரைத் தெருவில் குடியிருந்தாள். அவளுடைய கணவர், எங்கள் மச்சான், ரியாதில் வேலை. பிள்ளைகள் இல்லை. பெண்கள் போகாத இடமென்றாலும் கரைவலை இழுக்கிற இடத்துக்குத் தானே போய் மீன் பேரம் பேசுவாள். நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போகிறேன் என்றபோது, "கல்லயும் மண்ணயும் படிச்சி என்னடி செய்யப் போறாய்? கல்லு வாய் தொறந்து கதைக்குமா?" என்று சிரித்தாள். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் பிரதான வீதிப் பக்கம் உம்மாவின் வீட்டில் இருந்தேன். ஆண்கள்தான் அவளுடைய மையித்தை எடுத்து அடக்கினார்கள். முகத்தை நான் பார்க்கவில்லை.

3

இங்கே வந்து முதல் வேலையாக ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பித்தேன். என் கலாசாலைச் சான்றிதழை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பினேன். ஒவ்வொரு பாடத்தையும் எத்தனை மணித்தியாலம் படித்தேன் என்று கலாசாலையிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். கல்முனையில் என்னோடு புவியியல் படிப்பித்த வசந்தியிடம் சொன்னேன். காரைதீவில் இருக்கிறாள், இன்னும் அதே பள்ளிக்கூடத்தில்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கலாசாலைக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டாள்.

"நான் கேட்டன் கா. கடிதம் எழுதுற பொடியன் சிரிக்கான். அப்பிடி ஒரு கடிதம் நாங்க ஆருக்கும் குடுத்ததில்ல மிஸ் எண்டு சொல்றான். பழைய பதிவெல்லாம் எங்க கிடக்கோ தெரியாதாம். மேலிடத்துக்கு எழுதச் சொல்றான்."

மேலிடத்துக்கு எழுதினேன். அது வேறு பிரிவின் வேலை என்று பதில் வந்தது. அந்தப் பிரிவிலிருந்து பதிலே வரவில்லை. இங்கேயும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? விண்ணப்பம் காலாவதியானதாகவும், விரும்பினால் புதிதாகக் கட்டணம் கட்டித் தொடங்கலாம் என்றும் மின்னஞ்சல் வந்தது. திரும்பவும் தொடங்கினேன். அதுவும் அதே இடத்தில் வந்து நின்றது. என் கணவர் நசார், "இனி விடு" என்றார். அவர் மருதமுனையில் சாரன் துணி வியாபாரம் செய்தவர், இங்கே பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிறார். அவர் விட்டுவிட்டவர். விடுவது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

அதனால்தான் கேரன் கூப்பிட்டதும் என் மனம் எங்கெங்கோ போனது. நான் படிப்பிப்பதை அவள் பார்ப்பாள், தலைமையாசிரியரிடம் ஒரு சொல் சொல்வாள், ஏதாவது ஒரு வழி திறக்கும் என்று நினைத்தேன்.

4

ஒரு கிழமை முழுக்க ஆயத்தம் செய்தேன். துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, அதன் அடியில் நடுவில் சுழலும்படி ஒரு பலகை பொருத்தி, அதன் ஒரு முனையில் இழுக்கக் கம்பி கட்ட வேண்டும் என்று நசாரிடம் சொன்னேன். வேலை முடிந்து களைத்து வந்தவர், குசினித் தரையில் குந்தியிருந்து பலகையை வாளால் அறுத்தார்.

"இது வேல செய்யுமா?"

"செய்யும். தண்ணி ஊத்துங்க. இப்ப அந்தக் கம்பியக் கெதியா இழுங்க."

பலகையின் ஒரு முனை எழும்பியது, மறுமுனை இறங்கியது. வலப்பக்கச் சுவரில் தண்ணீர் ஏறிச் சிந்தியது. அதே நேரம் இடப்பக்கத்தில் நீர்மட்டம் கீழே போய்ப் பிறகு எழும்பி அடித்தது. ஒரே அசைவு, இரண்டு கரைகள், இரண்டு விதம். நசார் இன்னொரு தடவை இழுத்தார். பிறகும் இழுத்தார். சிந்திய தண்ணீரைத் துடைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுதானா," என்றார். மெல்லத்தான் சொன்னார்.

எங்கள் மகன் அகீல் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க வந்தவன் காலைத் தூக்கித் தண்ணீரைத் தாண்டினான். அவன் ஒன்பதாம் ஆண்டு. நான் பேசப்போவது அவனுடைய வகுப்பில். அதைச் சொன்னபோது அவன் முகம் மாறியது. என்னோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறவன், ஏறியதும் மேல்தட்டுக்குப் போய்விடுவான். நடைபாதையில் தள்ளுவண்டியோடு என்னைக் கண்டால் சுவரொட்டிகளை வாசிப்பான்.

"எவ்வளவு நேரம் பேசுவீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஒரு பாடவேள."

"முழுக்கவா?" என்றான்.

5

முழுப் பாடவேளை கிடைக்கவில்லை. கேரன் முதலில் ஒரு காணொளி போட்டாள். வெள்ளைக்காரர்கள் நிற்கிற ஏதோ ஒரு விடுதிக் கடற்கரை. கடல் வெகுதூரம் பின்வாங்குகிறது, ஆட்கள் வெறுந்தரையைப் பார்க்க இறங்கிப் போகிறார்கள், தூரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று எழும்புகிறது. பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். அது எங்கள் கரை இல்லை. காணொளி முடிந்ததும் திரையில் எச்சரிக்கை அறிகுறிகள் என்று வந்தது. முதலாவது, கடல் பின்வாங்கும். அதை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு கேரன் என்னைச் சுட்டிக்காட்டி, "இன்று நம்மோடு ஒரு விசேட விருந்தாளி இருக்கிறார், சுனாமியில் உயிர் தப்பியவர்" என்றாள். நான் ஆசிரியையாக இருந்தவள் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல மறந்திருக்கலாம்.

நான் பெட்டியை மேசைக்கு நடுவே இழுத்து வைத்தேன். இந்து சமுத்திரத்தின் அடியில் ஒரு தகடு மற்றதன் கீழே அமிழ்கிற வலயம் இருக்கிறது என்று தொடங்கினேன். தமிழில் வலயம் என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் 'ஸோன்' என்று வரவேண்டியது என் நாக்கில் 'ஜோன்' என்று வந்தது. பின்வரிசையில் ஒரு பையன் கையை உயர்த்தினான்.

"மிஸ், யார் அந்த ஜோன்?"

ஜோன் என்பது இங்கே வயதான பெண்களுக்கு இருக்கிற பெயர். வகுப்பு சிரித்தது. கேரன் அதட்டினாள். நானும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தேன். ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் பாடத்தைச் சொல்ல முடியாது, மறுபடி வந்தது, மறுபடி சிரித்தார்கள். அகீல் சன்னலோரம் இருந்தான். அவனும் சிரித்தான். என்னைப் பார்க்காமல் சிரித்தான்.

கேரன் என் பக்கத்தில் வந்து, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், உன் கதையைச் சொல்லேன் ரிஸ் என்று மெதுவாகச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, முகத்தில் விஷமம் எதுவும் இல்லாமல், கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது செத்தார்களா மிஸ்?"

"என்னுடைய அக்கா," என்றேன். "அவள் பெயர் ஹுஸ்னா. நாங்கள் ஹுஸ்னா ராத்தா என்று கூப்பிடுவோம்."

சிரிப்பு நின்றது. அகீல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"கடல் பின்வாங்கியதைக் கண்டும் அவர் ஏன் ஓடவில்லை?" அந்தப் பிள்ளை திரையைக் காட்டிக் கேட்டாள்.

சிஃபானாவின் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, மேசையில் தண்ணீரோடு இருந்தது. ஆனால் என் ஆங்கிலம் அந்த இடத்தில் என்னைக் கைவிட்டது. எங்கள் பக்கம் பின்னுக்குப் போகவில்லை, மேலேதான் வந்தது என்று துண்டுதுண்டாகச் சொன்னேன். பார்ப்பதற்கு எல்லோரும் கிட்ட வாருங்கள் என்று கம்பியைப் பிடித்தபோது மணி அடித்தது. கதிரைகள் இழுபட்டன. கேரன் கைதட்டினாள், அவர்களும் தட்டிக்கொண்டே வெளியேறினார்கள்.

"மிகவும் உருக்கமாக இருந்தது," என்றாள் கேரன். அவள் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அடுத்த வருடமும் இதே பாடத்துக்கு நான் வரவேண்டும், அந்தத் தண்ணீர்ப் பெட்டி தேவையில்லை, கதை மட்டும் போதும் என்றாள்.

வாளி வாளியாக அள்ளித் தண்ணீரை ஆய்வுகூடத் தொட்டியில் ஊற்றினேன்.

6

அன்று அகீல் பஸ்ஸின் மேல்தட்டுக்குத்தான் போனான். வீட்டுக்கு வந்து நான் சோற்றுக்கு அரிசி கழுவும்போது குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஹுஸ்னா ராத்தா ஓர் ஆளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

எனக்கு விளங்கவில்லை. "என்ன மகன்?"

"ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்வீங்களே. ஹுஸ்னா ராத்தாக்கு ஓதணும், ஹுஸ்னா ராத்தாக்கு ஓதணும் என்று. அது அந்த ஓதலின் பெயர் என்று நினைத்தேன். அரபுச் சொல் மாதிரி."

கையிலிருந்த சட்டியை வைத்தேன். நாங்கள் அவனிடம் மறைத்தவர்கள் இல்லை. சின்ன வயதில் அவனை மடியில் வைத்துச் சொல்லியிருக்கிறேன், படங்கள் காட்டியிருக்கிறேன். ஆனால் சொன்னது எல்லாம் தமிழில். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் அவனுக்குள் தமிழ் கரைந்துபோனபோது, அந்தக் கதையும் அதோடு போயிருக்கிறது. மிஞ்சியது சத்தம் மட்டும். வருடா வருடம் எங்களோடு தொப்பி போட்டு உட்கார்ந்து, ஏதோ ஒரு ஓதல் என்று நினைத்து, தன் பெரியம்மாவுக்காகக் கையேந்தியிருக்கிறான்.

"உங்கட பெரியம்மா," என்றேன். "என்ட ராத்தா."

"எப்படிப்பட்டவங்க?"

அவள் மீன்காரர்களோடு சண்டை பிடிப்பாள் என்றேன். அவன் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னான். சொன்னேன். ஆங்கிலத்தில் அவள் யாரோ ஒரு கோபக்காரியாக மாறினாள். கல்லு கதைக்குமா என்று கேட்டதைச் சொன்னேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மரியாதைக்காகத் தலையாட்டினான்.

"வகுப்பில் சிரித்ததுக்கு மன்னிச்சிருங்க," என்றான், ஆங்கிலத்திலேயே. "எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் சிரிக்காம இருக்க ஏலாது."

"ஓம், தெரியும்," என்றேன்.

7

டிசம்பர் இருபத்தாறாம் தேதி, ராத்தா போன நாள், இங்கே மலிவு விற்பனை நாள். விடியமுன்பே கடை வாசல்களில் வரிசை நிற்கும். நாங்கள் முன்னறையில் பாய் விரித்து அவளுக்காக யாசீன் ஓதினோம். இந்த முறை அகீல் கடைசிவரை எழும்பவில்லை, கைபேசியை எடுக்கவில்லை. துஆ முடிந்ததும் அவளுடைய படம் ஒன்று கேட்டான். கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்களப் போல இல்ல" என்றான். இதையாவது தமிழில் சொன்னானே என்று அன்றைக்கு எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

பின்னேரம் வசந்தி அழைத்தாள். கடலில் போன தன் ஆட்களுக்குக் காரைதீவுக் கடற்கரையில் விளக்கு ஏற்றிவிட்டு வந்திருந்தாள். நான் வகுப்பு எடுத்த கதையைக் கேட்டாள். நல்லாப் போனது என்றேன்.

"இஞ்ச உயர்தர வகுப்புக்குப் புவியியல மூடப்போறாங்க ரிஸ்வியா," என்றாள். "புள்ளைகள் சேருறாங்கள் இல்ல. எல்லாரும் வெளிநாடு போற படிப்புத்தான் கேக்காங்க. என்னய வேற பாடம் படிப்பிக்கச் சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ற. ஓம் எண்டன்."

போனில் அவளுடைய பக்கத்துக் கடல் கேட்டது.

8

ஜனவரியில் அந்தப் பாடத்துக்குப் பரீட்சை வைத்தார்கள். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. திருத்திய விடைத்தாளைப் பிள்ளையிடம் திரும்பக் கொடுப்பார்கள், பிழைகளைப் பிள்ளையே பச்சைப் பேனாவால் சரிசெய்து கொடுக்க வேண்டும். அகீல் குசினி மேசையில் இருந்து அதைச் செய்துகொண்டிருந்தான். நான் தேநீர் வைக்கப் போனவள் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

ஓர் உதாரணத்தைக் கொண்டு சுனாமியை விளக்குக என்பது கேள்வி. அவன் ஸ்ரீலங்காவை எழுதியிருந்தான். கடலடித் தரை சீசோபோல அசைந்தது, எங்கள் பக்கம் எழும்பிய பக்கம், அதனால் தண்ணீர் பின்வாங்காமல் முதலில் ஏறியது என்று எழுதியிருந்தான். குசினித் தரையில் தண்ணீரைத் தாண்டிப் போனவன் நின்று பார்த்திருக்கிறான். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்குக் கீழே, என் பெரியம்மா வீட்டில் இருந்தபோது இறந்துபோனார் என்று ஒரு வரி.

முதல் பகுதிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அறிகுறிகளின் வரிசையைத் திரும்பப் படிக்கவும் என்று எழுதியிருந்தது. பெரியம்மாவின் வரிக்குப் பக்கத்தில், மிகவும் வருந்துகிறேன் அகீல், ஆனால் பரீட்சையில் புள்ளி கிடைக்கப் புள்ளிவிபரம் தேவை என்று கேரனுடைய அழகான கையெழுத்து.

"நான் எழுதினது சரிதானே?" என்று கேட்டான்.

"சரி. நூற்றுக்கு நூறு சரி."

"ஆனா பெரிய பரீட்சையிலயும் இதத்தான் எதிர்பார்ப்பாங்களாம். எது எழுதட்டும்?"

கேரனிடம் போய்ப் பேசலாம். பேசினால் அவள் பொறுமையாகக் கேட்பாள், தலையசைப்பாள். ஆனால் விடைத்தாள் திருத்துகிறவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு விடைப்பட்டியல் இருக்கிறது. அவன் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். எனக்குக் கிடைக்காத எல்லாம் அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இங்கே வந்தோம்.

"அவங்க கேக்கிறத எழுதுங்க மகன்," என்றேன்.

அவன் தன் வரிகளைக் கோடிழுத்து வெட்டினான். கடல் முதலில் பின்வாங்கும் என்று பச்சையால் எழுதினான். பிறகு பேனாவை உயர்த்தியபடி என்னைப் பார்த்தான்.

"ஸ்ரீலங்காவில் மொத்தம் எத்தனை பேர் செத்தாங்க, மம்?"

சொன்னேன். பெரியம்மாவின் வரியை வெட்டிவிட்டு அதற்கு மேலே அந்த இலக்கத்தை எழுதினான். ஹுஸ்னா ராத்தாவும் அதற்குள் ஒருத்தி.